வேலை முடிந்த பை

"பைதானே? அதன் வேலை முடிந்துபோயிற்று. எடுத்துவிடலாம்."

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் இந்த வாக்கியம் இன்று கத்தரிக்காய் விலை மாதிரிப் புழங்குகிறது. மாமியார் சொல்கிறாள். புருஷன் சொல்கிறான். ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமி, சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவள் போலச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் பெரும்பாலும் இதே வாக்கியத்தோடுதான் திரும்பி வருகிறார்கள். எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டுவது வழக்கம். கதை எழுதிப் பிழைப்பவர்களுக்கு உள்ள வியாதி அது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கத்தியே பாவம், கஷாயத்தில் எல்லாம் கரைந்துவிடும் என்கிற கட்சி அல்ல நான். கர்ப்பப்பையை எடுத்ததால் பிழைத்த பெண்களை எனக்குத் தெரியும். டாக்டர்களை வில்லன்களாக்கிக் கைதட்டல் வாங்கும் உத்தேசமும் இல்லை. என் குற்றச்சாட்டு வேறு. உயிரைக் கவ்வியிருக்கும் புற்றுநோயோடு வருகிறவளுக்கும், மாதவிலக்கு நாலு நாள் கூடுதலாக நீள்கிறது என்று வருகிறவளுக்கும் நாம் ஒரே வார்த்தையைச் சொல்கிறோம். அந்த ஆபரேஷனால் என்னென்ன நேரலாம் என்பதை இருவரிடமும் மறைத்துவிடுகிறோம். முன்னவள் தெரிந்துகொண்டு துணிய வேண்டியவள். பின்னவள் தெரிந்துகொண்டால், ஒருவேளை, வேண்டாம் என்று சொல்லக்கூடியவள். அந்த 'ஒருவேளை'யை அவளிடமிருந்து பறிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒருவர் என் பெரியம்மா முறை. தீட்டு நின்று எட்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடி உதிரம் கண்டது. வெட்கத்தால் ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மகளிடம் சொல்லி, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தபோது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்ல காலம், ஆரம்ப நிலை. பெரிய ஆபரேஷன்தான் வழி என்றார்கள்.

அந்தப் பெரிய ஆபரேஷனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1898-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் என்ற டாக்டர் அதைச் செய்யத் தொடங்கினார். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள திசுவையும், யோனியின் மேற்பகுதியையும், நெறிக்கட்டுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். அவர் செய்த முதல் 500 ஆபரேஷன்களில் ஐந்தாறு பெண்களுக்கு ஒருத்தி வீதம் பிழைக்கவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கணக்கை அவரே அச்சிட்டு உலகத்துக்குக் கொடுத்தார் என்பது. எத்தனை பேர் செத்தார்கள், யாருக்கு எந்த உறுப்பில் காயம் பட்டது என்று ஒளிக்காமல் எழுதினார். இன்று அந்த ஆபரேஷனில் உயிர்ச்சேதம் மிக அபூர்வமாகிவிட்டதென்றால், கணக்கை மறைக்காமல் எழுதி வைத்தவர்களுக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டு.

என் பெரியம்மாவுக்கு வாய்த்த டாக்டர் அந்த வம்சத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். "மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் இந்த இடத்தில்தான் ஓடுகின்றன. அவை கொஞ்சம் சேதப்படலாம். பல நாள், சில சமயம் பல வாரம், குழாய் வைத்திருக்க நேரலாம். நெறிக்கட்டை எடுப்பதால் கால் வீங்கலாம். இத்தனையும் சொல்லிவிட்டேன். இருந்தாலும் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை" என்றார். பெரியம்மா செய்துகொண்டாள். அவர் சொன்னபடியே நடந்தது. மூத்திரப்பை நிறைவது இன்றைக்கும் அவளுக்குத் தெரிவதில்லை. மூன்று மணிக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்துப் போகிறாள். இடது கால் சாயங்காலத்தில் வீங்கும். "இருந்தா என்னடி? பேத்தி கல்யாணத்தைப் பார்த்தேனே" என்கிறாள். அவள் யார்மேலும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. விலையைத் தெரிந்துகொண்டு வாங்கியவளுக்கு ஏமாந்த எண்ணம் எப்படி வரும்?

இன்னொருத்தி எங்கள் எதிர் வீட்டுப் பெண். வயது 42. இரண்டு பிரசவமும் சிஸேரியன். பெரும்பாடு என்று முன்னோர்கள் சொன்னார்களே, அந்த உபத்திரவம். ஸ்கேனில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை. கட்டியைக் கண்ட சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எடுத்துடலாம்னார் மாமி. அஞ்சு நாள்ல ஆத்துக்கு வந்துடலாமாம்" என்றாள். வேறு என்ன சொன்னார்? "வேறென்ன சொல்லணும்?" இங்கிலீஷில் அச்சடித்த மூன்று பக்கத்தில் அவள் புருஷன் ஒரு கையெழுத்துப் போட்டான், பெருக்கல் குறி போட்ட இடத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் விடியற்காலையில் அவள் படுக்கை நனைந்திருந்தது. அன்றிலிருந்து நிற்கவில்லை. உட்கார்ந்தால், எழுந்தால், தும்மினால் என்றில்லை. சொட்டுச் சொட்டாக, இரவும் பகலும். ஆபரேஷன் செய்த இடத்தில் "இன்ஃபெக்‌ஷன், சரியாகிவிடும்" என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போனபோது "சதை தளர்ச்சி" என்றார்கள். அவள் பழைய புடவைகளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். ரேழியில் படுத்தாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில், மாதம் மூன்று நாள் விலகியிருப்பது தொல்லை என்று ஆபரேஷன் செய்துகொண்டவள், முப்பது நாளும் விலகியிருக்கும்படி ஆயிற்று. நாலு மாதம் கழித்து வேறு ஓர் ஆஸ்பத்திரியில் மூத்திரப்பையில் நீலச் சாயத்தை ஏற்றிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷப் பரிசோதனை. யோனிக்குள் வைத்த பஞ்சு நீலமாயிற்று. மூத்திரப்பைக்கும் யோனிக்கும் இடையே ஒரு துவாரம். புண் அடங்கும்வரை காத்திருந்து இன்னொரு ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த எட்டு மாதத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இதில் அந்த முதல் டாக்டர் கத்தியைத் தவறாகப் பிடித்தார் என்று நான் சொல்லவில்லை. கைதேர்ந்தவருக்கும் நேரக்கூடிய விபத்து இது. காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், பென்சிலைவிட மெல்லியது. கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் அடியில் அது நுழைந்து செல்கிறது. 'பாலத்துக்கு அடியில் தண்ணீர்' என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தினம் காவிரிப் பாலத்தைக் கடக்கும் திருச்சிக்காரர்களுக்கு இந்த உவமை சுலபமாக விளங்கும். ஆபரேஷனில் பாலத்தைக் கட்டி அறுக்க வேண்டும். அடியில் ஓடும் தண்ணீரைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் இடையே உள்ள தூரம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது. ரத்தம் பெருகி இடம் தெரியாமல் போனால், அந்தக் குழாயையும் சேர்த்துக் கட்டிவிடுவது உண்டு. அப்படிக் கட்டிவிட்டது தெரியாமல் போனால் ஒரு பக்கத்துச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

மூத்திரப்பையோ கர்ப்பப்பையின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சிஸேரியன் செய்த வயிற்றில் பழைய தழும்பு இரண்டையும் இன்னும் இறுக்கி ஒட்டிவைத்துவிடும். பிரிக்கும்போது கிழியும் அபாயம் அதிகம். தமிழ்நாட்டுக்கு இது சாமான்ய விஷயமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிஸேரியன். இன்றைக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை பெறுகிறவள்தான் பதினைந்து வருஷம் கழித்துக் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறாள். இந்தக் கணக்கை யாராவது அவளிடம் சொல்கிறார்களா?

இன்னும் உண்டு. ரத்தம் கொட்டலாம். சீழ் பிடிக்கலாம். குடலில் காயம் படலாம். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய், தேறிவிட்டாள் என்று நினைத்த அன்றே உயிரைக் கொண்டுபோகலாம். புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். பல வருஷம் கழித்து யோனியின் மேல்முனை கீழே இறங்கலாம். இவையெல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. சாதாரணக் கட்டிக்காகச் செய்யும் ஆபரேஷனில் மூத்திரப்பையிலோ குழாயிலோ காயம் படுவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். பெரும்பாலான பெண்கள் சௌக்கியமாக வீடு திரும்புகிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் ஒருத்தி என்பது டாக்டருக்குத்தான் ஒன்று. அந்த ஒருத்திக்கு அது நூறு.

இங்கேதான் தராசைக் கையில் எடுக்க வேண்டும். என் பெரியம்மாவின் தராசில் ஒரு தட்டில் மூத்திரப்பையும் வீங்கிய காலும், மறுதட்டில் உயிர். எதிர் வீட்டுப் பெண்ணின் தராசில் ஒரு தட்டில் அதே போன்ற அபாயங்கள். மறுதட்டில் மாத்திரையால் கட்டுப்பட்டிருக்கக்கூடிய ஓர் உபத்திரவம். இரண்டு தராசையும் பார்த்துவிட்டு ஒரே வாயால் "எடுத்துவிடலாம்" என்பது வைத்தியமா, வியாபாரமா, அல்லது வெறும் சோம்பலா?

மாத்திரை என்றேன். அது மட்டுமா? ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுச் சில வருஷம் வேலை செய்யும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம். கட்டியை மட்டும் எடுக்கலாம். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கலாம். அடியிறக்கம் என்றால் வளையம் வைத்துத் தாங்கலாம். இவற்றில் எதுவும் ஒருத்திக்குப் பொருந்தாமல் போகலாம். எல்லாம் செய்து பார்த்தும் அடங்காத பெரும்பாடு உண்டு. ரத்தம் வற்றி வெளுத்துப்போனவள் உண்டு. அவளுக்கு ஆபரேஷன் வரப்பிரசாதம். என் சண்டை அதோடு இல்லை. இவற்றின் பெயரைக்கூடக் காதில் போடாமல் மேஜைக்கு அனுப்புவதோடுதான்.

கூடவே ஓவரிகளையும் எடுத்துவிடுகிறார்களே, அதைப்பற்றி ஒரு வார்த்தை. "அதுவும் எதற்கு? பின்னால் கான்ஸர் வரும்" என்று பயமுறுத்திச் சம்மதம் வாங்குகிறார்கள். 35, 40 வயதில் நல்ல ஓவரிகளை எடுத்தால், பத்துப் பன்னிரண்டு வருஷம் மெல்ல மெல்ல வரவேண்டிய முதுமை ஒரே ராத்திரியில் வந்து கதவைத் தட்டும். உடம்பு தகிக்கும், தூக்கம் போகும், எலும்பு தேயும், இருதய நோய்க்கும் வழி திறக்கும். குடும்பத்தில் புற்றுநோய்ப் பரம்பரை உள்ளவர்களுக்கு அதை எடுப்பது அவசியமாகலாம். மற்றவர்களுக்கு வேலை முடியாத உறுப்பு அது. கர்ப்பப்பைக்குச் சொன்ன அதே வாக்கியத்தை அதற்கும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

'விட்டால் கான்ஸராகிவிடும்.' இந்த ஒரு வார்த்தை போதும், எந்தப் பெண்ணையும் மேஜையில் படுக்க வைக்க. நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். வெள்ளைபடுதல் புற்றுநோயின் முதல் படி அல்ல. இதைவிடக் கொடுமை என்னவென்றால், இந்தப் பயத்தைக் கிளப்புகிறவர்கள் பலர், புற்றுநோய் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ரத்தப்போக்கு என்று வந்தவளுக்குக் கர்ப்பப்பை வாயைச் சோதிக்காமல், துணுக்கு எடுக்காமல், சாதாரண ஆபரேஷனைச் செய்துவிடுகிறார்கள். எடுத்த பையைப் பிறகு பரிசோதனைக்கு அனுப்பினால், வாயில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. அப்போது என்ன செய்வது? சரியான ஆபரேஷன் வேறு. முற்றிய நிலையென்றால் ஆபரேஷனே இல்லை, கதிர் வைத்தியமும் மருந்தும்தான். அரைகுறையாக அறுத்த இடத்தில் இனி எதைச் செய்தாலும் சிக்கல் அதிகம், பிழைக்கும் வாய்ப்புக் குறைவு. அவசரப்பட்ட கை நோயில்லாதவளையும் கெடுக்கிறது, நோயுள்ளவளையும் கெடுக்கிறது.

"இப்போது எல்லாம் துளை போட்டுச் செய்கிறார்களே, பயம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் கட்டிகளுக்குத் துளை ஆபரேஷன் நல்லதுதான். வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு? 2018-ல் பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் நூற்றுக்கு 96.5 பேர், துளை போட்டுச் செய்தவர்களில் 86 பேர். புதியது எல்லாம் நல்லது என்று நம்பியிருந்த டாக்டர்களே திகைத்துப்போனார்கள். தழும்பு சின்னதா என்று கேட்கிற நாம், எந்த நோய்க்கு எந்த வழி என்று கேட்கப் பழக வேண்டாமா?

நம் தெருவை விட்டுக் கொஞ்சம் வெளியே பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவிலிருந்து பெண்கள் கரும்பு வெட்டக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு வந்தால் கூலி போகும். 2019-ல் பத்திரிகைகள் விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகு மாநில அரசு ஒரு குழு போட்டது. கணக்கெடுத்த 82,309 பெண்களில் 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள்! பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் காப்பீட்டுப் பணத்துக்காகவும் வேறு லாபத்துக்காகவும் ஏழைப் பெண்களின் வயிற்றைக் கிழித்தார்கள் என்று டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2023 ஏப்ரல் 5-ல் தீர்ப்பு வந்தது. அவசியமில்லாத ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் கைக்கொள்ள வேண்டும் என்று கோர்ட் கட்டளையிட்டது.

"அது ஏழைகள் கதை. கரும்புக் காட்டுக் கதை. நமக்கென்ன?" என்று படித்த குடும்பத்தினர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். சற்று யோசியுங்கள். அங்கே மேஸ்திரி சொல்கிறான், மாதவிலக்கு வேலைக்கு இடைஞ்சல் என்று. இங்கே மாமியார் சொல்கிறாள், மடிக்கு இடைஞ்சல் என்று. "சுமங்கலிப் பிரார்த்தனைக்கு நாள் பார்த்தால் இவள் தூரம். வைகுண்ட ஏகாதசிக்கு எல்லோரும் போகும்போது இவள் கொல்லைப்புறம். இந்தப் பீடை ஒழிந்தால் நிம்மதி." இந்தப் பேச்சை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கரும்புக் காட்டு மேஸ்திரிக்கும் நமக்கும் வித்தியாசம், அவன் கூலியைப் பிடிக்கிறான். நாம் புண்ணியத்தைப் பிடித்துக்கொள்கிறோம். மாதவிலக்கை அசுத்தம் என்று ஒதுக்குகிற வீடு, கர்ப்பப்பையைத் தூக்கி எறியத் தயங்குமா?

"நீ சொல்வதெல்லாம் சரி. ஆனால் இத்தனை அபாயத்தையும் சொன்னால் பெண்கள் பயந்து ஓடிவிடுவார்கள். உண்மையாகவே ஆபரேஷன் தேவைப்படுகிறவளும் ஓடிவிடுவாள்" என்று ஒரு டாக்டர் சிநேகிதி என்னிடம் வாதாடினாள். நல்ல வாதம். ஆனால் என் பெரியம்மா ஓடவில்லையே! ஏழாம் வகுப்பு வரை படித்தவள். சொன்னால் புரிந்துகொண்டாள். பயந்தாள், பயத்தோடு சம்மதித்தாள். நாலு பேர் நடுவில் பிள்ளை பெற்று, வீட்டுக் கணக்குப் பார்த்து, சீக்காளி மாமியாரைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் தைரியம் இருக்காது என்று நினைப்பது அவளைக் கேவலப்படுத்துவது. அதுமட்டுமல்ல. முன்கூட்டித் தெரிந்தவள் பத்தாம் நாள் படுக்கை நனைந்தால், பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். விலாவில் வலியும் காய்ச்சலும் வந்தால் 'வாயு' என்று ஓமம் தின்னமாட்டாள். காலின் ஆடுசதை ஒரு பக்கம் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்க உட்காரமாட்டாள். சொல்லாமல் விட்டதுதான் எதிர் வீட்டுப் பெண்ணை நாலு மாதம் ரேழியில் படுக்க வைத்தது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1995-ல் தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், உள்ளே என்ன என்று கருவி விட்டுப் பார்ப்பதற்காக மயக்க மருந்து கொடுக்கச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது டாக்டர் வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையையும் ஓவரிகளையும் எடுத்துவிட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2008-ல் கோர்ட் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த பெண்ணின் சம்மதத்தை அவளிடம்தான் கேட்க வேண்டும், தாயாரின் சம்மதம் சம்மதமாகாது. பரிசோதனைக்குக் கொடுத்த அனுமதி அறுப்பதற்குக் கொடுத்த அனுமதியாகாது. நஷ்டஈடு 25,000 ரூபாய்தான். ஆனால் அந்தத் தீர்ப்பின் மதிப்பு ரூபாயில் இல்லை. பெற்ற தாயின் வார்த்தையே போதாது என்றால், புருஷனின் கையெழுத்து எந்த மூலைக்கு?

மலைக்கோட்டையில் நம் ஸ்வாமிக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரி வெள்ளத்தால் தாய் வரமுடியாமல் தவித்த பெண்ணுக்குத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்த கதை நம் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். தெய்வமே தாயாகி ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்த ஊரில், ஆபரேஷனுக்குப் போகிறவள் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு மனுஷருக்கும் நேரம் இல்லை என்பது வெட்கமாக இல்லையா?

புற்றுநோயிலிருந்து நம் பெண்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்கு வழி கத்திக்கு முன்னாலேயே இருக்கிறது. இந்தியாவில் 2022-ல் மட்டும் ஒரு லட்சத்து 27 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது என்றும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-லேயே அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட மாநிலம் இது. நமக்குப் பக்கத்து ஜில்லாவான திண்டுக்கல்லில் 2000-ம் ஆண்டிலிருந்து கிராமத்துப் பெண்களிடையே ஒரு பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள், வினிகரில் உள்ள அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான். 2007-ல் முடிவு வெளியாயிற்று. அப்படிப் பார்த்த ஊர்களில் அந்தப் புற்றுநோய் கால் பங்கு குறைந்தது. அதனால் சாவது நூற்றுக்கு 35 குறைந்தது. வினிகர் விலையில் கிடைத்த உயிர்கள்! முப்பது வயது தாண்டிய பெண்ணை இந்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக நம் வீடுகளில் யாருக்கும் நேரமில்லை. பையையே எடுத்துவிட மட்டும் எல்லோருக்கும் நேரமிருக்கிறது.

வீட்டாரிடம் எனக்கு ஒரு தனிச் சண்டை உண்டு. ஆபரேஷன் முடிந்து வந்தவளை "அசையாதே, தையல் பிரிந்துவிடும்" என்று நாற்பது நாள் கட்டிலில் கட்டிப்போடுகிறோம். "தண்ணீர் குடிக்காதே, புண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்" என்று தாகத்தில் தவிக்கவிடுகிறோம். கால் ரத்தம் உறையாமலிருக்க மறுநாளே மெல்ல நடக்க வைக்கிறார்கள் டாக்டர்கள். நாம் வீட்டுக்கு வந்ததும் படுக்கப் போடுகிறோம். இது பிரியத்தால் செய்யும் தீங்கு. பளு தூக்க வேண்டாம் என்பது சரி. நடமாடவே வேண்டாம் என்று எந்த டாக்டர் சொன்னார்?

ஆஸ்பத்திரிகளிடம் நான் கேட்பது அதிகமல்ல. இங்கிலீஷ் அச்சுக் காகிதத்தோடு தமிழில் ஒரு காகிதம் கொடுங்கள். என்ன நேரலாம், எந்த அடையாளம் கண்டால் எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்று அதில் இருக்கட்டும். ஆபரேஷன் நாளன்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவளிடம் அதை நீட்டாதீர்கள். ஒரு வாரம் முன்னால் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள். வெர்த்தைம் நூறு வருஷத்துக்கு முன்னால் தம் கணக்கை அச்சிட்டார். இந்த வருஷம் உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு எடுத்தீர்கள், எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று நீங்களும் சுவரில் எழுதி மாட்டலாம். கைதேர்ந்தவர்களுக்கு இதில் பயம் இருக்க நியாயமில்லை.

பெண்களிடம் கேட்பது இதுதான். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் புருஷனைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். எனக்குப் புற்றுநோயா, இல்லையா? எந்தப் பரிசோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்? எடுக்காமல் தீர்க்க வழி உண்டா? ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? ஓவரியை விட்டுவைப்பீர்களா? எனக்கு முன்னால் சிஸேரியன் ஆகியிருக்கிறது, அதனால் என்ன அபாயம்? இந்த ஆறு கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற டாக்டர் கிடைத்தால், அவர் எடுக்கலாம் என்று சொன்னாலும் நம்பலாம், வேண்டாம் என்று சொன்னாலும் நம்பலாம். பதில் சொல்ல நேரமில்லை என்றால், எழுந்து நமஸ்காரம் சொல்லிவிட்டு இன்னொரு டாக்டரிடம் போங்கள். திருச்சியில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.